திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்; என் கேள்விகளை யாரிடம் கொடுப்பது?

தேரிமண் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன், பயாலஜி குரூப். திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகள்.

நவம்பரில் பேராயர் எங்கள் சேகரத்துக்கு (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகள்) திடப்படுத்தல் ஆராதனைக்கு வருகிறார். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்த பிறகு தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிசெய்கிற சடங்கு அது. பெயர் கொடுக்கிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று போன ஞாயிறு அறிவிப்பில் வாசித்தார்கள். ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அப்பா, போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெள்ளைச் சேலையை எந்தக் கடையில் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

விசுவாசத்தை விட்டு விலகப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோயிலில் வளர்ந்தவள் நான். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனம் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், அறுப்பின் பண்டிகைக்கு ஏலம், அசனத்தில் (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) பந்தி பரிமாறுவது, இதெல்லாம் இல்லாமல் எனக்கு ஒரு வருடம் முடியாது. பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பாடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வருவதில்லை.

வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். டிவியை நிறுத்திவிட்டுப் பாயை விரித்து உட்காருவோம். ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். தனக்கு எந்த வசனம் விழும் என்று தம்பி முன்கூட்டியே எண்ணி, அதில் விரலை வைத்துக்கொண்டிருப்பான். நடுவில் ஆச்சி இரண்டு வசனம் சேர்த்து வாசித்துவிட்டால் கணக்கு மாறிப்போய் முழிப்பான். கடைசியில் அப்பா ஜெபிப்பார். அதில் என் பெயர் வருகிற இடம் எப்போதும் ஒன்றுதான். பிள்ளைக்கு நல்ல மார்க்கைத் தாரும், நீட்டில் சீட்டைத் தாரும். எனக்குள் என்ன ஓடுகிறது என்று அப்பா என்னிடம் கேட்டதில்லை, ஆண்டவரிடம் கேட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

என் கேள்வி தொடங்கியது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் குளம் உடைந்து கீழத்தெரு முழுவதும் தண்ணீர். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பல வீட்டில் ஸ்டார் கட்டவில்லை.

31-ம் தேதி நள்ளிரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். ஒரு அண்ணாச்சி எழுந்து, தண்ணீர் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது, உள்ளே விடாமல் ஆண்டவர் காத்தார் என்று சொன்னார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அவருக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, கீழத்தெரு அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு மண்சுவர் இடிந்து ஆடுகளும் போய், பிள்ளைகளின் புத்தகமும் போயிருந்தன. அவரும் ஸ்தோத்திரம் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசலில் தண்ணீரை நிறுத்தினவர் இன்னொரு வாசலில் ஏன் நிறுத்தவில்லை?

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்றார் அப்பா. பிசாசு இப்படித்தான் புத்திக்குள் வருவான் என்றார் அம்மா. அதோடு சரி. அதற்குப் பிறகு நான் வீட்டில் எதுவும் கேட்டதில்லை.

பள்ளியிலும் ஒன்று நடந்தது. என் பெஞ்சில் ஒருத்தி காயல்பட்டினம். இன்னொருத்தி வீட்டில் எல்லாம் செந்தூர் முருகன்தான், கந்த சஷ்டிக்கு அம்மாவோடு சேர்ந்து விரதம் இருப்பாள். 2025 மார்ச்சில் ரமலான் நோன்பும், ஈஸ்டருக்கு முந்தின எங்கள் தபசு நாட்களான லெந்து காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதே வாரம்தான். அந்த வெயிலில் காயல்பட்டினத்துக்காரி ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பரீட்சை எழுதினாள். உங்களுக்கும் நோன்பு உண்டாமே, நீ என்ன செய்கிறாய் என்று என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் லெந்து முடியும்வரை கறி எடுப்பதில்லை என்றேன். அது உங்கள் அம்மா செய்கிறது, நீ என்ன செய்கிறாய் என்று திரும்பக் கேட்டாள். சும்மாதான் கேட்டாள். எனக்கு வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. இப்போது ஞாயிறு காலையிலும் நீட் வகுப்பு வைக்கிறார்கள். போய்விட்டு வா, ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று அப்பாவே அனுப்புகிறார். வகுப்புக்காக ஆராதனையை விடலாம் என்றால், பதில் தேடுவதற்காகத் திடப்படுத்தலை ஒரு வருடம் தள்ளிப்போடக் கூடாதா? பேராயர் முன்னால் நின்று ஆம் என்று சொல்லப்போவது நான்தானே. அந்த ஆம் என்னுடையதாக இருக்க வேண்டும்.

யாராவது தள்ளிப்போட்டிருக்கிறீர்களா? வீட்டில் எப்படிப் பேசினீர்கள்?

கொயர் பேஸ் எழுதியது:

எடுத்துவிடு தங்கச்சி. எங்கள் பேட்ச்சில் யாருக்கும் எல்லாம் புரிந்திருக்கவில்லை. எடுத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. திடப்படுத்தல் முடிந்து, அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்துக்கு முழங்கால்படியிட்ட முதல் ஞாயிறு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பாளை வாத்தியார் எழுதியது:

பாப்பா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபத்தெட்டு வயது. நீ எழுதினதைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வாசித்தேன்.

முதலில் ஒரு விஷயம். குழந்தையாக இருந்தபோது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அன்றைக்கு உனக்காக வாக்குறுதி கொடுத்தவர்கள் உன் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். உனக்குப் பேச்சு வராத வயது, அவர்கள் பேசினார்கள். இப்போது உனக்குப் பேச்சு வந்துவிட்டது, நீயே சொல் என்பதற்குத்தான் திடப்படுத்தல். அப்படி இருக்க, உன் பெயரைக் கொடுப்பதிலும் இன்னொருவர் பேசினால் அந்தச் சடங்கின் பொருளே அடிபட்டுப் போகிறது. ஆகவே உன் ஆம் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நீ கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. சபையே அதைத்தான் உன்னிடம் கேட்கிறது.

எங்கள் காலத்தில் வகுப்பு என்றால் மனப்பாடம். பரமண்டல ஜெபம், விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளை, மூன்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தால் பாஸ். நான் நன்றாக ஒப்பித்தேன். ஐயர், அதாவது எங்கள் போதகர், தட்டிக்கொடுத்தார். ஏன் என்று கேட்க வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. அதை ஒரு பெருமையாக நான் சொல்லவில்லை.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்கிறாய். நம் திருநெல்வேலிச் சபையின் முதல் பெயரே காத்திருந்தவருடைய பெயர்தான். குளோரிந்தா அம்மாள், தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த நாட்களில் ஞானஸ்நானம் கேட்டார். திருமணம் இல்லாத உறவு என்பதால் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதின சபைப் பதிவில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. 1785-ல் அவர் முயற்சியில் எழும்பின கோயிலை இங்கே இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம்.

அவர் கதையும் உன் கதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், சபை மறுத்தது. உனக்குச் சபை கொடுக்கிறது, நீ அவகாசம் கேட்கிறாய். ஆனால் காத்திருந்த வருடங்களால் அவர் விசுவாசம் குறைந்துபோகவில்லை. அதை மட்டும் பார்.

மூன்று பிள்ளை அம்மா எழுதியது:

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் வேறு எண்ணம். தள்ளிப்போடாதே மகளே.

ஏன் என்று சொல்கிறேன். அடுத்த ஜூனில் நீ எந்த ஊரில், எந்த ஹாஸ்டலில் இருப்பாய் என்று உனக்கே தெரியாது. என் மூத்தவனும் இப்படித்தான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் படிக்கப் போனான். அங்கே ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள். இப்போது வேலைக்கும் போய்விட்டான். ஊருக்கு வரும்போது கோயிலுக்கு வருவான், மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் என் வயிறு படுகிற பாட்டை நான்தான் அறிவேன். கேள்வி கேட்டு விலகினவன் இல்லை அவன். கேட்காமலே விலகிப்போனான்.

உன் அம்மா பிசாசு என்று சொன்னது உனக்கு வலித்திருக்கும். நானும் என் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பயத்தில் வருகிற பேச்சு அது. வெள்ளத்தில் அந்த வீடு ஏன் விழுந்தது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. தெரியாது என்று பிள்ளையிடம் சொல்லலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதில் இல்லாவிட்டால் பிள்ளை கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்து, வாயை அடைத்துவிடுகிறோம்.

தேரிமண் எழுதியது:

அம்மா என்றே கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. என் அம்மாவும் பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபத்தில் சொன்னதாகத்தான் வைத்திருந்தேன்.

ஆனால் உங்கள் மகனைப் பற்றி நீங்கள் சொன்னதிலேயே எனக்கு ஒன்று படுகிறது. அண்ணனிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் அவர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாரா? எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் எங்களோடு பேசுகிறதெல்லாம் செல்போன், காதல், சினிமா, இந்த மூன்றும் கூடாது என்பதுதான். மூன்றும் என் பிரச்சினை இல்லை. என் பிரச்சினையை யாரும் தலைப்பாகக்கூட வைத்ததில்லை.

கோவை சாட்சி எழுதியது:

சிஸ்டர், நான் பெந்தெகொஸ்தே சபை. ஒளிக்காமல் சொல்கிறேன். சிக்கலே குழந்தை ஞானஸ்நானத்தில்தான் இருக்கிறது. தெரியாத வயதில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை உறுதிசெய்யச் சொல்கிறார்கள். நான் காலேஜ் முடிக்கிற வருடம் நானாக முடிவெடுத்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைப் பார்த்ததும் தானே கேட்கிறார், எனக்கு என்ன தடை என்று. யாரும் அவர் பெயரைக் கொடுக்கவில்லை. நீங்கள் தேடுகிற சொந்த முடிவு அங்கேதான் இருக்கிறது.

பாளை வாத்தியார் எழுதியது:

தம்பி, பிள்ளை சபை மாறக் கேட்கவில்லை. நீர் சொல்லுகிற வழக்கு ஐந்நூறு வருடமாக நடக்கிறது, இங்கே தீர்க்க முடியாது. அதே மந்திரியிடம் பிலிப்பு முதலில் என்ன கேட்டார் என்றும் பாரும். வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்டார். விளக்க ஒருவர் இல்லாவிட்டால் எப்படி என்று அவர் சொன்னபிறகு ரதத்தில் ஏறி உட்கார்ந்து பேசினார். தண்ணீர் அதற்குப் பிறகு வந்தது. இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது ரதத்தில் ஏறி உட்காருகிற ஒரு ஆள்.

கோவை சாட்சி எழுதியது:

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். சிஸ்டர் கேட்ட கேள்விக்கு எங்கள் சபையிலும் இடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம். குழந்தை பிழைக்கவில்லை. உங்கள் விசுவாசம் குறைவு என்று ஒருவர் அக்காவிடம் சொன்னார். அக்கா அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நான் இன்னும் போகிறேன், இன்னும் விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மிஷன் ஸ்கூல் பழைய மாணவன் எழுதியது:

நான் இந்து. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவன். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்குப் போவார்கள், நாங்கள் நீதிபோதனை வகுப்பில் இருப்போம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தியதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சாசனம் 28-ம் பிரிவிலேயே இருக்கிறது. அது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் சம்மதத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை, அதை அப்பா அம்மாதான் மதிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எனக்கு விரத மாலை போட்டுவிட்டு அப்புறம்தான் சொன்னார்கள்.

ஞாயிறு வகுப்புக்கு ஒரு வழி உண்டு. காலை ஆராதனை முடிந்து வருகிறேன் என்று நீங்களும் உங்கள் அப்பாவும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு என் நண்பனை எங்கள் தலைமையாசிரியர் அப்படித்தான் விட்டார். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், யாரும் கேட்பதில்லை.

சேகரத்து ஐயர் எழுதியது:

வேறு திருமண்டலத்தில் ஊழியம் செய்கிறேன். திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மகளே, உன் கேள்வி இயேசுவின் முன்னாலும் வந்திருக்கிறது. லூக்கா 13-ஐ எடுத்து வாசி. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். கோபுரம் ஏன் அவர்கள்மேல் விழுந்தது என்பதற்கு அங்கே அவர் விளக்கம் கொடுக்கவில்லை. ஆனால் தப்பினவன் நல்லவன், செத்தவன் கெட்டவன் என்ற கணக்கை உடைத்துவிட்டார். உன் ஊரில் சுவர் விழுந்த அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று யோசித்துப் பார்.

சாட்சி நேரத்தைப் பற்றி நீ எழுதினது என்னை உறுத்துகிறது. நன்றி சொல்ல இடம் கொடுக்கிறோம், முறையிட இடம் கொடுப்பதில்லை. வேதாகமம் அப்படி இல்லை. 150 சங்கீதங்களில் முறையீடு ஏராளம். எத்தனை நாள் மறந்திருப்பீர் என்று தொடங்குகிற 13-ம் சங்கீதம் கடைசியில் பாட்டாக மாறுகிறது. 88-ம் சங்கீதம் அப்படி மாறவே இல்லை, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அதையும் எடுத்துவிடாமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். உன் கேள்வி பிசாசிடமிருந்து வந்தது என்றால் அந்தச் சங்கீதத்தை என்ன செய்வது?

இனி நடைமுறைக்கு வருகிறேன். வகுப்பில் சேருவது வேறு, பேராயர் முன்னால் நிற்பது வேறு. வகுப்புக்குப் போ. உன் ஐயரை ஒரு நாள் சாயங்காலம் அவர் குடியிருக்கிற பார்சனேஜில் தனியாகப் பார். இப்படி இப்படி இருக்கிறது, கடைசியில் முடிவு சொல்கிறேன் என்று சொல். என் வகுப்பிலிருந்து ஒரு பையன் கடைசி வாரத்தில் விலகினான், இரண்டு வருடம் கழித்து அவனாக வந்தான். கேள்வியோடு வருகிற பிள்ளையைத் துரத்துகிற ஐயர் இருந்தால் அது அவர் குறை. மாற்கு 9-ல் வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்கிறான், அடுத்த மூச்சில் என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்கிறான். அவன் மகனுக்குச் சுகம் கிடைத்தது.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தக் கீழத்தெரு அக்காவிடம் நீ போய்ப் பேசினாயா?

கடல்துறை எழுதியது:

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. எங்களுக்குப் புதுநன்மை (முதல் திருவிருந்து) சின்ன வயதிலேயே முடிந்துவிடும், உங்கள் திடப்படுத்தலைப் போன்ற உறுதிபூசுதல் பிறகு. எங்கள் பங்கில் சாமியார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். உறுதிபூசுதல் வேண்டுமென்கிற ஒவ்வொருவரும் ஆயருக்கு அவரவர் கையால் கடிதம் எழுத வேண்டும், ஏன் வேண்டும் என்று. அப்பா அம்மா உதவக் கூடாது. நான் அரைப் பக்கம் எழுதவே படாத பாடு பட்டேன். உங்கள் சபையில் அப்படி இல்லாவிட்டாலும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துவிடும்.

தேரிமண் எழுதியது:

கொஞ்ச நாள் கழித்துத்தான் வர முடிந்தது. காலாண்டுத் தேர்வு.

ஐயர் கேட்டதற்கு முதலில் பதில். இல்லை, நான் அந்த அக்காவிடம் பேசியதே இல்லை. இத்தனை நாளும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, போய்ப் பார்க்கவில்லை. தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் போனேன். இப்போது பிளாக் கல் வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார், இன்னும் பூசவில்லை. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார், கடைக்குப் போடுகிறாராம். அச்சில் மாவை அடைத்துக் கொடுக்கச் சொன்னார். அடைத்துக்கொண்டே கேட்டேன். அக்கா, அன்றைக்கு அண்ணாச்சி சாட்சி சொன்னபோது நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்களே, கஷ்டமாக இல்லையா?

கஷ்டமாகத்தான் இருந்தது என்றார். நான் சொன்னது வீட்டுக்காக இல்லை, பிள்ளைகள் இரண்டும் கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து வெளியே வந்ததுக்காகச் சொன்னேன் என்றார். ஆனால் அவர் வீட்டுக்கு ஆண்டவர் காவல், என் வீட்டுக்கு இல்லையா என்று அன்று ராத்திரி அழுததாகவும் சொன்னார். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லையாம்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று எனக்குத் தெரியவே தெரியாது. கீழத்தெருக்காரர்கள் கோயில் ஹாலில் தங்கியிருந்த நாட்களில் சாப்பாடு பொங்கி அனுப்பினது அதே அண்ணாச்சி வீடுதான். அவர் வீட்டில்தான் அடுப்பு நனையாமல் இருந்தது. கரண்ட் இல்லை, விறகடுப்பில் பொங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாராம். அரசு கொடுத்த 6,000 ரூபாய் வருகிற வரைக்கும் அந்தச் சாப்பாடும் அவர் கொடுத்த அரிசியும்தான். சாட்சியில் அவர் அதைச் சொல்லவே இல்லை. வாசற்படியோடு நிறுத்திவிட்டார்.

என் கேள்விக்கு இது பதில் இல்லை. தண்ணீர் ஏன் அந்த வாசலில் நின்றது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அண்ணாச்சிமேல் இருந்த கோபம் போய்விட்டது. அடுத்த தடவை அந்த இரண்டு பேரும் சேர்ந்து சாட்சி சொன்னால் நான் முழு மனதோடு ஸ்தோத்திரம் சொல்வேன்.

வீட்டில் பேசினேன். குடும்ப ஜெபத்துக்கு அதிகாரத்தை நான் எடுக்கட்டுமா என்று கேட்டு 88-ம் சங்கீதத்தை எடுத்தேன். மொத்தம் 18 வசனம். சுற்றி வந்து கடைசி வசனம் தம்பிக்கு விழுந்தது. வாசித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிதான் சொன்னார், உன் தாத்தா இறந்துபோன வருடம் நான் தினமும் வாசித்தது இதைத்தான் என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆச்சி எதற்கும் கலங்காதவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஜெபம் முடிந்து அப்பாவிடம் சொன்னேன், எனக்குச் சீட்டுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்காகவும் ஜெபியுங்கள் என்று. பெயரை எடுக்கச் சொல்லித்தான் சுற்றி வளைக்கிறாயா என்றார். சத்தம் கொஞ்சம் ஏறியது. நானும் விடவில்லை. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது கேட்கக் கூடாது என்றீர்களே, அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் கேட்கவில்லை என்று சொன்னேன். அம்மா அழுதார். கடைசியில் அப்பா, பெயர் இருக்கட்டும், வகுப்புக்குப் போ, பேராயர் வருவதற்கு முந்தின வாரம் உன் முடிவைச் சொல், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். ஊரில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, பிள்ளை யோசிக்கிறாள் என்று சொல்வேன் என்றார்.

மூன்று பிள்ளை அம்மா எழுதியது:

உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஊருக்குப் பதில் சொல்ல ஒரு தகப்பன் தயாராவது லேசான காரியம் இல்லை. தள்ளிப்போடாதே என்று முதலில் எழுதினவள் நான்தான், என் ஆசை இன்னும் அதுதான். ஆனால் நீ அந்த அக்கா வீட்டுக்குப் போனாயே, அதற்குப் பிறகு உன்னைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

என் மூத்தவனுக்கு நேற்று ராத்திரி போன் பண்ணினேன். கோயிலுக்குப் போனாயா என்றுதான் எப்போதும் கேட்பேன். நேற்று அதைக் கேட்கவில்லை. சின்ன வயதில் உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்து நான் அடக்கினேனா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நேரில் வரும்போது பேசலாம் அம்மா என்றான். சரி என்றேன்.

பாளை வாத்தியார் எழுதியது:

பாப்பா, வகுப்பு எப்போது தொடங்குகிறது? ஞாயிறு நீட் வகுப்பு இடிக்குமே, அதற்கு என்ன செய்தாய்?

தேரிமண் எழுதியது:

தாத்தா, மிஷன் ஸ்கூல் அண்ணா சொன்னபடியே கடிதம் கொடுத்தேன், அப்பாவும் கையெழுத்துப் போட்டார். காலை ஆராதனை முடிந்து பத்தரைக்கு வரலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்தரைக்கு முன்னால் நடக்கிற பிசிக்ஸை அந்தக் காயல்பட்டினத்துக்காரி எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். திடப்படுத்தல் வகுப்பு மதியம் மூன்றரைக்கு, பஸ் பிடித்து வந்துவிடலாம்.

எங்கள் ஐயரைப் பார்சனேஜில் பார்த்தேன். கோபப்படவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கேள்வி இருக்குமா என்று என்னிடமே கேட்டார். இருக்கும், கேட்க மாட்டார்கள் என்றேன். சீட்டில் எழுதிப் பெயர் போடாமல் ஒரு டப்பாவில் போடச் சொல்லலாம், முதல் அரைமணி நேரம் அதற்கு வைக்கலாம் என்றார். கடிதமும் எழுத ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை நாலு வரி. வருகிற ஞாயிறு முதல் வகுப்பு. லூக்கா 13-ல் அத்திமர உவமை அந்தக் கோபுரத்துக்கு அடுத்தே ஏன் வருகிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டாம், ஐயர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.